ஏரிக்கு வக்கீல் யார்?

ஏரி என்றால் என்னவென்று நம் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். கரை இருக்கும், மதகு இருக்கும், மழைக்காலத்தில் தண்ணீர் இருக்கும், கொக்கும் நாரையும் வரும், கோடையில் மாடு மேயும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் புது தில்லியில் சட்டம் எழுதும் கனவான்களுக்கு விஷயம் இவ்வளவு சுலபமாக விளங்குவதில்லை. மனிதன் வெட்டிய ஏரி, அதிலும் பாசனத்துக்கென்றே வெட்டிய ஏரி, "ஈர நிலம்" ஆகாது என்று 2017-ம் வருஷத்தில் அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் சரி, ஆளை மூழ்கடிக்கும் அளவு நின்றாலும் சரி, சட்டத்தின் கண்ணுக்கு அது ஈரமில்லாத நிலந்தான்!

இதை வெறும் வார்த்தை விளையாட்டு என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். ஈர நிலம் என்ற பட்டம் கிடைத்த இடத்துக்கு ஒரு காவல் உண்டு. கிடைக்காத இடத்துக்கு அந்தக் காவல் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம் முன்னோர்கள் மண் சுமந்து கரை கட்டியவை. ஆகவே அந்த ஒரு வரி யார் தலையில் விடிந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈரான் தேசத்தில் காஸ்பியன் கடற்கரையில் ராம்சார் என்று ஓர் ஊர். 1971-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 2-ந் தேதி பல தேசத்துப் பிரதிநிதிகள் அங்கே கூடி, சதுப்பு நிலங்களையும் நீர்நிலைகளையும் காப்பாற்றுவதற்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இயற்கையாக உண்டானதோ மனிதன் உண்டாக்கியதோ, வருஷம் முழுவதும் நீர் இருப்பதோ சில மாதம் மட்டும் இருப்பதோ, ஓடுவதோ தேங்குவதோ, நன்னீரோ உப்பு நீரோ, எல்லாம் ஈர நிலமே என்று தாராள மனத்துடன் அவர்கள் இலக்கணம் வகுத்தார்கள். 1982-ம் வருஷத்தில் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

சேர்ந்து 28 வருஷம் ஆன பிறகுதான் இந்திய சர்க்காருக்கு விதிகள் எழுத நேரம் கிடைத்தது. 2010-ல் வெளியான அந்த முதல் விதிகளைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். எல்லா அதிகாரத்தையும் தில்லியிலேயே குவித்துக்கொண்டன என்பது பெரிய குறை. ஆனால் ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தன. பிரதான ஆற்றுப் போக்கு, நெல்வயல், வேறு சட்டத்துக்கு உட்பட்ட கடற்கரைப் பகுதி ஆகியவற்றை நீக்கிவிட்டு, ஏரியையும் நீர்த்தேக்கத்தையும் பெயர் சொல்லியே உள்ளே சேர்த்துக்கொண்டன. சமவெளியில் 500 ஹெக்டேருக்குக் குறையாத ஈர நிலங்கள் அந்த வரம்புக்குள் வந்தன. அப்படிப் பார்த்தால், பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரிக்கு அதில் இடம் கேட்க நியாயம் இருந்தது.

ஏழு வருஷம் கழித்து, 2017 செப்டம்பரில், பழைய விதிகளை ரத்து செய்துவிட்டுப் புது விதிகள் பிறந்தன. அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தார்கள், அது நல்லதே. அந்தக் கையோடு, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதன் அமைத்த நீர்நிலைகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு கையால் சாவியைக் கொடுத்து, மறு கையால் வீட்டை எடுத்துக்கொண்ட மாதிரி!

அப்படி வெளியே நின்றதால் ஏரி எதை இழந்தது? விதிகளின் பாதுகாப்புக்குள் வரும் ஈர நிலத்தில் ஆக்கிரமிப்புக் கூடாது. புதிய தொழிற்சாலை கூடாது. இருக்கும் தொழிற்சாலையை விஸ்தரிக்கவும் கூடாது. குப்பை கொட்டக் கூடாது. சுத்தம் செய்யாத கழிவுநீரை விடக் கூடாது. கடந்த பத்து வருஷத்து வெள்ளத்தின் சராசரி உயர மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டிடம் எழுப்பக் கூடாது. படகுத் துறைக்கு மட்டும் விலக்கு உண்டு. இவ்வளவும் பாசன ஏரிக்குக் கிடையாது.

இந்த வித்தியாசம் எங்கே உறைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கடலூர் ஜில்லாவுக்குப் போக வேண்டும். அதே ஜில்லாவின் கடலோரத்தில் பிச்சாவரம் இருக்கிறது. சுரபுன்னைக் காடு, கழிமுகம், படகு சவாரி எல்லாம் உள்ள இடம். 2022-ல் அது ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பினால் வடலூரும் குறிஞ்சிப்பாடியும். அவற்றுக்கு அப்பால் நெய்வேலி.

நெய்வேலியைப் பற்றி நம் நேயர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பல வீடுகளில் யாராவது ஒரு மாமாவோ, மாப்பிள்ளையோ அங்கே வேலை பார்த்திருப்பார். ஜம்புலிங்க முதலியார் என்ற கனவான் தம் நிலத்தில் கிணறு வெட்டும்போது கரியைப் போன்ற பழுப்பு நிறப் பொருள் ஒன்று வெளிவந்ததும், அதை அவர் அலட்சியமாக விடாமல் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுபோனதும் பிரசித்தமான கதை. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலம். சுதந்திர இந்தியா தன் காலில் நிற்கப் போகிறது என்ற உற்சாகம் எங்கும் பொங்கிய காலம். எண்ணிட்ட வட்டங்களும் மரநிழல் வீதிகளுமாக ஒரு நகரியமே அங்கே முளைத்தது. அந்த உற்சாகம் வீண் போகவில்லை. நம் வீட்டு விளக்குகளில் எத்தனையோ அந்தப் பழுப்பு நிலக்கரியால் எரிந்தவை. இதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றியல்ல.

ஆனால் நெய்வேலியின் பூமிக்குள் நிலக்கரி மட்டும் இல்லை, தண்ணீரும் இருக்கிறது. சாதாரணத் தண்ணீர் அல்ல. நிலக்கரிப் படுகைக்குக் கீழே, பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் ஊற்று. முன்னொரு காலத்தில் இந்தப் பிரதேசத்தில் குழாய் இறக்கினால், யந்திரம் எதுவும் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது. மேல் மண்ணை அகற்றிக் குழி தோண்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மூடியைத் திறந்த சோடாப் புட்டி மாதிரி, குழியின் தரை வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். ஆகவே நிலக்கரி எடுப்பதற்கு முன்னால் தண்ணீரை எடுத்தாக வேண்டும். 1961 முதல் இரவு பகல் ஓய்வின்றிப் பம்புகள் அந்த வேலையைச் செய்து வருகின்றன.

எடுத்த நீரில் ஒரு பங்கு அனல் மின் நிலையங்களுக்கும், நகரியத்துக் குழாய்களுக்கும் போகிறது. சுரங்கக் குழியில் சேரும் மழைநீரும் ஊற்று நீரும் வாய்க்கால் வழியாகப் பரவனாற்றில் விழுகின்றன. பரவனாறு அதிகப் புகழ் வாய்ந்த நதியல்ல. காவிரியைப் போல அதற்குப் புராணம் கிடையாது. இங்கேயே தோன்றி, இந்த ஜில்லாவுக்குள்ளேயே ஓடி, கடலூர்ப் பக்கம் கடலில் கலந்துவிடும் சிறு ஆறு. ஆனால் போகும் வழியில் அது இரண்டு ஏரிகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. முதலில் வாலாஜா ஏரி. அப்புறம் பெருமாள் ஏரி. வாலாஜா ஏரி நெடுங்காலம் மண் மேடிட்டு, பெயருக்கு ஏரியாகக் கிடந்தது. பல வருஷங்களுக்கு முன் சுரங்கக் கம்பெனியின் செலவில் தூர் வாரி அதற்கு மறுஉயிர் கொடுத்தார்கள். கம்பெனியின் நற்செயல்களில் இதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இதனால் ஏற்பட்டிருக்கும் விசித்திர நிலைமையை நேயர்கள் கவனிக்க வேண்டும். மழையையும் ஆற்றையும் நம்பியிருந்த ஏரிகள் இன்று பெருமளவுக்குச் சுரங்கத்துப் பம்பை நம்பியிருக்கின்றன. பம்பு ஓடினால் கோடையிலும் தண்ணீர். அதில் என்னென்ன கலந்து வருகிறதென்பது சுரங்கத்தையும் மின் நிலையங்களையும் பொறுத்த விஷயம். பெருமழைக் காலத்திலோ, வேண்டாத சமயத்தில் வேண்டாத அளவு தண்ணீர் வந்து பயிரை அழிக்கிறது என்று குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் குடியானவர்கள் முறையிடுவது வழக்கம். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, கடலூர் ஜில்லா தத்தளித்தபோது இந்தக் குரல் உரக்கவே கேட்டது. ஈர நிலம் என்ற பட்டம் இருந்திருந்தால், ஏரிக்கு எவ்வளவு நீர் வர வேண்டும், எப்படிப்பட்ட நீர் வர வேண்டும், வரத்து வழியை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று ஓர் அதிகார சபையின் முன் நின்று கேட்க முடியும். பட்டம் இல்லாததால் கேட்க இடமில்லை.

வரத்து வழியைத் தொட்ட கதை 2023 ஜூலையில் தேசம் முழுவதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது சுரங்கம் முன்னேறும் திசையில் பரவனாறு குறுக்கே கிடந்தது. சுரங்கம் வழிவிடாது, ஆறுதான் வழிவிட வேண்டும். 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய பாதை வெட்டி, அதில் பத்தரைக் கிலோமீட்டர் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் வளையமாதேவி கிராமத்து நெற்பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. ஜூலை 26-ந் தேதி, போலீஸ் காவலுடன் மண்வெட்டும் யந்திரங்கள் அந்தப் பயிருக்குள் இறங்கின. நிலத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே வாங்கிவிட்டோம், நஷ்ட ஈடும் கொடுத்தாகிவிட்டது, பயிரிட வேண்டாமென்று எச்சரித்தோம் என்பது கம்பெனியின் வாதம். சட்டப்படி அந்த வாதத்தில் பலம் இருக்கலாம். ஆனால் கதிர் வாங்கும் பயிரின் மேல் யந்திரம் ஏறுவதைப் பார்த்த தமிழனுக்குச் சட்டம் நினைவுக்கு வரவில்லை. சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி தண்டபாணி அவர்களே, அந்தக் காட்சியைக் கண்டு தமக்கு அழுகை வந்ததென்று பகிரங்கமாகச் சொன்னார். பிறகு, பயிருக்காக ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

பயிருக்கு விலை போட்டாகிவிட்டது. நிலத்துக்கும் விலை போட்டாகிவிட்டது. ஆற்றுக்கு யாராவது விலை போட்டார்களா? அதை நம்பியிருக்கும் ஏரிகளின் சார்பில் அன்று கோர்ட்டில் யாராவது எழுந்து நின்றார்களா? ஆற்றுப் போக்கும் ஈர நிலமல்ல, நெல்வயலும் ஈர நிலமல்ல, பாசன ஏரியும் ஈர நிலமல்ல. ஆக மொத்தம், ஆறு, வயல், ஏரி என்று மூன்று ஈரங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், ஈர நிலச் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது!

அதே வருஷம் வேறொரு பாடமும் கிடைத்தது. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பிரதேசத்தையும், தஞ்சாவூர்ப் பக்கத்தில் வடசேரி, அரியலூர்ப் பக்கத்தில் மைக்கேல்பட்டி ஆகிய இடங்களையும் நிலக்கரிக்காக ஏலம் விடப்போவதாக மத்திய சர்க்கார் விளம்பரம் செய்தது. தமிழ்நாடு 2020-லேயே காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்திருந்தது. கடலூர் ஜில்லாவில் காட்டுமன்னார்கோயில், புவனகிரி முதலிய ஐந்து வட்டாரங்கள் அதற்குள் அடக்கம். முதல் மந்திரி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாளில், ஏப்ரல் 8-ந் தேதி, மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மாகாணத்தின் கையில் ஒரு சட்டம் இருந்தால் பேச்சுக்கு எவ்வளவு பலம் ஏற்படுகிறது பாருங்கள்.

சுரங்கத்து நீரைக் குடித்து வாழும் ஈர நிலம் உலகத்தில் நெய்வேலியில் மட்டும் இல்லை. ஜெர்மனியில் பெர்லின் நகரத்துக்குத் தென்கிழக்கே லாவுஸிட்ஸ் என்னும் பிரதேசத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். அங்கேயும் பம்பு, அங்கேயும் அந்த நீர் ஷ்ப்ரே என்ற ஆற்றில் விழுகிறது. அந்த ஆறுதான் கிளை கிளையாகப் பிரிந்து ஷ்ப்ரேவால்டு என்ற அழகிய நீர்க்காட்டை வளர்க்கிறது. பிறகு தலைநகருக்கும் போகிறது. 2038-க்குள் நிலக்கரியை விட்டுவிடுவதென்று ஜெர்மானியர்கள் சட்டம் செய்தபோது ஒரு புதிய பயம் எழுந்தது. பம்பு நின்றால் ஆறு என்ன ஆகும்? வறண்ட கோடை மாதங்களில் சில இடங்களில் ஷ்ப்ரேயின் நீர் 75 சதவிகிதம் வரை குறையக்கூடும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா 2023-ல் கணக்கிட்டுச் சொல்லிற்று. அது போதாதென்று, வெட்டி முடித்த ராட்சதக் குழிகளை நிரப்பவும் அதே ஆற்றின் நீர்தான் வேண்டும். அவர்கள் இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். நெய்வேலிப் பம்புகளும் என்றென்றைக்கும் ஓடப் போவதில்லை. அன்றைக்கு வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் என்ன வழி என்று யார் கணக்குப் போடுவது?

பாசன ஏரிகளை விலக்கியதற்கும் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஏரி என்பது உழைக்கிற நீர்நிலை. வருஷா வருஷம் கரையைப் பலப்படுத்த வேண்டும், மதகைப் பழுது பார்க்க வேண்டும், தூர் வார வேண்டும். இதற்கெல்லாம் குடியானவன் ஓர் அதிகார சபையின் வாசலில் மனுவும் கையுமாகக் காத்து நிற்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சிரமமானதல்ல. கரை வேலைக்கும் தூர் வேலைக்கும் விலக்குக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலைக்கும் சாக்கடைக்கும் மட்டும் தடை வைத்திருக்கலாமே! கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்றால் தாழ்ப்பாளை மாற்றுவார்களா, கதவையே கழற்றி எறிவார்களா?

மேலும், பாசன ஏரிக்கு ஈர நிலப் பட்டம் கொடுத்தால் குடி முழுகிவிடும் என்பதற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை. வேடந்தாங்கல் என்ன, தெய்வம் தோண்டிய தடாகமா? அதுவும் பாசன ஏரிதான். பறவைகளைச் சுடக் கூடாதென்று அந்த ஊர் ஜனங்கள் கும்பெனியார் காலத்துக் கலெக்டரிடமே முறையிட்டு எழுத்து மூலமாக உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு எந்தப் பண்டிதரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. கரிக்கிலி, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், வெள்ளோடு, கூந்தன்குளம் ஆகியவையும் ஏரி குளங்களே. வேடந்தாங்கலும் இவையும் ராம்சார் பட்டியலில் ஏறி, தமிழ்நாட்டின் பெயர் வரிசையை 20 ஆக நீட்டியிருக்கின்றன. அவற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயாமல் நின்றுவிட்டதா? இல்லையே! ஆக, நாரையும் கூழைக்கடாவும் வந்து கூடு கட்டி வாதாடினால் பாசன ஏரியும் ஈர நிலமாகிவிடுகிறது. பறவை வக்கீல் இல்லாத ஏரிக்குத்தான் கதி இல்லை.

ஸுப்ரீம் கோர்ட்டார் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. ஆகாயத்திலிருந்து படம் பிடித்து எண்ணியதில் இரண்டேகால் ஹெக்டேருக்கு மேற்பட்டவை 2,01,503 என்று தெரியவே, அவ்வளவையும் 2010 விதிகளின் அடிப்படைத் தத்துவப்படி காக்க வேண்டுமென்று 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டார்கள். அந்த எண்ணிக்கை பின்னால் 2,31,195 ஆக உயர்ந்தது. அவை ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, எல்லைக் கல் நட்டு, மூன்று மாதத்தில் முடிக்க வேண்டுமென்று 2024 டிசம்பர் 11-ந் தேதி மறுபடியும் கட்டளை பிறந்தது. ஆகாயப் படக் கணக்கில் ஏரிகளும் குளங்களும் சேர்ந்தே இருக்கின்றன. படம் பிடித்த யந்திரத்துக்கு, இது இயற்கை ஈரம், இது பாசன ஈரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது!

ஆனால் கோர்ட்டு உத்தரவு ஒன்றை மட்டும் நம்பி நாற்பதாயிரம் ஏரிகளை விட்டுவைக்க முடியாது. தண்ணீர், பாசனம், கால்வாய், கரை ஆகியவை அரசியல் சட்டத்தில் மாகாணப் பட்டியலின் 17-வது இனம். தமிழ்நாட்டில் 2007-லிருந்தே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்த ஏரிகளுக்கு மட்டும். அதன் நோக்கமெல்லாம் ஏரிக்குள் வீடு கட்டியவனை வெளியேற்றுவது. ஏரிக்கு வெளியே நின்றுகொண்டு அதன் ஆற்றைத் திருப்புகிறவனைப் பற்றியும், அதன் நீரைக் கெடுக்கிறவனைப் பற்றியும் அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை. அதிலே, வரத்து வாய்க்காலையும் நீரின் தன்மையையும் காக்க ஒரு பிரிவைச் சேர்ப்பதற்குத் தில்லியின் தயவு தேவையில்லை. சென்னைச் சட்டசபை மனம் வைத்தால் போதும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. சுரங்கத்தை மூடும்போது செய்ய வேண்டிய வேலைகளுக்காக ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கமும் தனிக் கணக்கில் பணம் போட்டு வர வேண்டுமென்று மத்திய நிலக்கரி இலாகா 2009 முதல் விதித்திருக்கிறது. குழியைச் சரி செய்வதற்கும் மரம் நடுவதற்கும் திட்டம் கேட்கிறவர்கள், பம்பு நின்ற பிறகு வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் எந்த வழியாக எவ்வளவு நீர் வரும் என்பதையும் அதே திட்டத்தில் எழுதித் தரும்படி கேட்கலாம். கடலூர் ஜில்லா அங்கத்தினர்களில் யாராவது ஒருவர் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்டு வைப்பாரா?